97 பெருசா 52 பெருசா? புவேர்ட்டோ ரிக்கோ ஓட்டுக் கணக்கு

97 பெருசா 52 பெருசான்னு ஒண்ணாங்கிளாஸ் புள்ளகிட்ட கேட்டாலே சொல்லிடும். ஆனா புவேர்ட்டோ ரிக்கோ விஷயத்துல நான் 52 பக்கம்தான்.

மொதல்ல கதைச் சுருக்கம். 1898ல ஸ்பெயின்கிட்ட இருந்து அமெரிக்கா கைக்கு வந்த கரீபியன் தீவு. 1917ல இருந்து அந்த ஜனங்க அமெரிக்கக் குடிமக்கள், ஆனா தீவுல குடியிருக்குற வரைக்கும் ஜனாதிபதி தேர்தல்ல ஓட்டு கிடையாது, வாஷிங்டன்ல ஒரே ஒரு பிரதிநிதி இருக்காரு, சபையில ஒரு சட்டம் கடைசி ஓட்டெடுப்புக்கு வந்தா அவரால கை தூக்க முடியாது, தீவுக்காரர் ஒருத்தர் ஃபுளோரிடா மாதிரி ஒரு அமெரிக்க மாநிலத்துக்கு வீடு மாறிட்டா எல்லா உரிமையும் வந்துடும். இதனால தீவு அரசியலே மூணு கோஷ்டி: 51வது மாநிலமா சேரணும்னு பிஎன்பி, 1952ல வந்த காமன்வெல்த் ஏற்பாடு (மாநிலமும் இல்ல, தனிநாடும் இல்ல, அமெரிக்காவுக்குக் கீழ உள்ளூர் ஆட்சி மட்டும்) போதும்னு பிபிடி, தனிநாடுன்னு பிஐபி.

இதுல எது வேணும்னு தீவுல அப்பப்ப ஜனங்ககிட்ட ஓட்டெடுப்பு நடக்கும். அதுல ரெண்டு ரிசல்ட்டை பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாப்போம். 2017 ஜூன் 11: மாநிலத்துக்கு 97%, ஓட்டு போட வந்தவங்க 23%. 2020 நவம்பர் 3: மாநிலமா சேரணுமா, ஆமாவா இல்லையான்னு ஒத்தைக் கேள்வி, ஆமா 52.5%, வந்தவங்க சுமார் 55%. பதிவான வாக்காளர் நூறு பேருன்னு வச்சுக்கிட்டா 2017ல மாநிலம் கேட்டவங்க 22 பேர், 2020ல 29 பேர். தலைக்கணக்குல 5 லட்சம் எங்க, 6.5 லட்சம் எங்க!

2017ல ஏன் யாரும் வரலன்னா, மொதல்ல அச்சடிக்க இருந்த சீட்டுல இப்ப இருக்குற நிலைமைங்கற ஆப்ஷனே இல்ல. அமெரிக்க நீதித் துறை லெட்டர் போட்டு ஆட்சேபிச்சதும் கடைசி நேரத்துல சேத்தாங்க, ஆனா அதை எழுதுன விதம் பிபிடிக்கு புடிக்கல, புறக்கணிப்புன்னு அறிவிச்சுட்டாங்க, தனிநாட்டுக்காரங்களும் ஒதுங்கிட்டாங்க. 2016 கவர்னர் தேர்தல்ல 39% வாங்குன கட்சி வீட்டுலயே இருங்கன்னு சொன்னா 97 வராம என்ன வரும்? எதிர் டீம் இறங்காத கபடில பாயிண்ட் எடுத்த மாதிரி.

அதுக்காக புறக்கணிச்சவங்க சொல்றதையும் அப்படியே முழுங்கிட முடியாது. வராதவன் எல்லாம் எங்க ஆளுன்னு சொல்றது ரொம்ப சௌகரியமான வாதம், ஏன்னா சோம்பேறி, வெறுத்துப் போனவன், அன்னைக்கு வேலைக்குப் போனவன்னு எல்லாரும் அந்தக் கணக்குல வந்துடுவாங்க. 2020ல எல்லாத் தரப்பும் பொதுத்தேர்தலோட சேத்து வந்து போட்டாங்களே, அப்பவும் இல்லைக்கு 47.5%தான். ஆக 97ம் பொய், 77% பேர் எதிர்ப்புங்கறதும் பொய். ரெண்டு பக்கத்துப் பீலாவையும் ஒரே நாள்ல உடைச்சதாலதான் எனக்கு அந்த 52 மேல மரியாதை.

2012 தனிக் கூத்து. ரெண்டு கேள்வி. இப்ப இருக்குற நிலை தொடரணுமான்னா 54% வேணாம்னாங்க. வேறென்ன வேணும்னா 61% மாநிலம்னாங்க, ஆனா ரெண்டாவது கேள்விக்கு கிட்டத்தட்ட 5 லட்சம் பேர் வெத்துச் சீட்டு போட்டாங்க, அதையும் சேத்தா 61 அப்படியே 45க்கு இறங்கிடும். ஆனா பாருங்க, தலைக்கணக்குல மாநிலத்துக்கு 8.3 லட்சம் ஓட்டு விழுந்தது இந்தக் குழப்பமான வருஷத்துலதான். 1998ல இன்னும் ஜோர், 'மேல உள்ள எதுவும் இல்ல'ங்கறது 50.3% வாங்குச்சு. நோட்டா ஜெயிச்ச தீவு!

அப்ப குறைஞ்சபட்ச வருகைன்னு ஒரு ரூல் போட்டா சரியாயிடுமா? ஸ்காட்லாந்துல 1979ல தனி சட்டமன்றம் வேணுமான்னு ஓட்டெடுப்பு வச்சப்ப, மொத்த வாக்காளர்ல 40% ஆமா சொல்லணும்னு வச்சாங்க. போட்டதுல 51.6% ஆமா, மொத்தத்துல பாத்தா 33% கூட வரல, சட்டமன்றம் கிடைக்காம போச்சு. வீட்டுல தூங்குனவனும் 'இல்லை'ன்னு போட்ட கணக்கு ஆயிடுச்சு. ஐரோப்பாவுல மான்டெனெக்ரோ 2006ல செர்பியாவை விட்டுத் தனிநாடாகணுமான்னு ஓட்டெடுப்பு வச்சப்ப வேற மாதிரி: பாதிப் பேராவது வரணும், போட்டதுல 55% ஆமா வேணும். வந்தது 86%, கிடைச்சது 55.5%. மயிரிழைதான், ஆனா ரெண்டு தரப்பும் களத்துல இருந்ததால தோத்தவங்களால 'எங்காளு வரல'ன்னு சொல்ல முடியல. என்னைக் கேட்டா ஸ்காட்லாந்து ரூலை விட இது எவ்வளவோ தேவல, ஏன்னா இங்க சதவீதத்தோட பாரம் போட்டவங்க மேலதான் விழுது.

புவேர்ட்டோ ரிக்கோவுல எந்த ரூல் போட்டாலும் முடிவு அமெரிக்க காங்கிரஸ் கையிலதான், அது வேற கடுப்பு. 2022 டிசம்பர்ல காங்கிரஸோட கீழ்சபை தீவோட நிலைமையை முடிவு பண்ற ஒரு மசோதாவை 233-191ன்னு பாஸ் பண்ணுச்சு, மேல்சபையான செனட் எடுத்துக்கவே இல்ல. 2024ல பொதுத்தேர்தலோட மறுபடி ஓட்டெடுப்பு, மாநிலத்துக்கு 59% கிட்ட. ஆனா காமன்வெல்த்தை சீட்டுல சேக்கவே இல்ல, பழையபடி லட்சத்துக்கு மேல வெத்துச் சீட்டு, அதை எண்ணணுமா வேணாமான்னு பழையபடி சண்டை.