ஸ்டீம் லைனுக்கான பிரஷர் கேஜ் செட்: காக் வால்வையும் வாஷரையும் தனியாக வாங்குங்கள்

கேஜ், பிக்டெயில் சைஃபன் (வளையமாகச் சுருண்ட பைப்), காக் (கேஜுக்கு அடியில் வரும் சிறு வால்வு) மூன்றும் ஒரே பெட்டியில் வரும் செட் இது. 7 கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) பிரஷரில் ஓடும் லைனுக்குக் கேஜும் சைஃபனும் கொடுக்கிற காசுக்குத் தகும். காக் வால்வும் வாஷரும் தேறாது.

டயல் 100 மி.மீ., அளவு 0 முதல் 16 கிலோ வரை. 10.5 கிலோ பாய்லருக்கும் இதுவே போதும். கிளிசரின் நிரப்பாத கேஜ் என்பது நல்ல விஷயம். அதிர்வில்லாத ஸ்டீம் லைனுக்குக் கிளிசரின் தேவையே இல்லை, சூட்டில் கலங்கிப்போய் முள்ளே தெரியாது.

சைஃபன் கனமான சீம்லெஸ் பைப்பில் வளைத்தது, வளைவில் நசுங்கல் இல்லை. 7 கிலோ ஸ்டீமின் சூடு சுமார் 170 டிகிரி. அந்தச் சூடு போர்டான் டியூபை (கேஜுக்குள் முள்ளை நகர்த்தும் வளைந்த குழாய்) தொடாமல் காப்பது வளையத்தில் நிற்கும் தண்ணீர்தான். ஆனால் முதலில் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று பெட்டியில் உள்ள தாளில் ஒரு வரிகூட இல்லை! லைன் வால்வை மூடி, காக்கைத் திறந்து, மேல்வாய் வரை தண்ணீர் ஊற்றிவிட்டுக் காக்கை மூடுங்கள். பிறகு கேஜை மாட்டி, வால்வைத் திறந்து, கடைசியாகக் காக்கை மெல்ல மெல்லத் திறங்கள். காய்ந்த சைஃபனில் சடாரென்று திறந்தால் முள் பூஜ்யத்துக்குத் திரும்பாது. கேஜைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

திரெட் அரை அங்குல பிஎஸ்பி (பிரிட்டிஷ் பைப் திரெட்), நேர் திரெட். இதில் லீக்கை அடைப்பது அடியிலுள்ள வாஷர். டெஃப்லான் டேப்பை எத்தனை சுற்று சுற்றினாலும் பயனில்லை. செட்டில் வரும் ஃபைபர் வாஷர் சூட்டில் விறைத்து வெடிக்கும், செம்பு வாஷர் போடுங்கள். பழைய லைனில் என்பிடி (அமெரிக்கக் கூம்புத் திரெட்) இருந்தால் கவனம்: இரண்டுக்கும் அங்குலத்துக்கு 14 புரிதான், அதனால் சில சுற்று ஏறிவிடும், பிறகு ஒழுகும். இறுக்கும்போது ஸ்பேனரைக் கேஜின் அடிச்சதுரத்தில் போடுங்கள், டயலைப் பிடித்துத் திருகாதீர்கள்.

காக் வெறும் இருவழி, திறக்கவும் மூடவும் மட்டுமே முடியும். மூவழிக் காக் என்றால் லைனை அடைத்து, கேஜை வெளிக்காற்றுக்குத் திறந்து, முள் பூஜ்யத்துக்கு வருகிறதா என்று ஓடும் லைனிலேயே பார்க்கலாம். அதைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

பிக்டெயில், பைப்பின் மேல்பக்கத் துளைக்கு. பக்கவாட்டுத் துளை என்றால் யூ சைஃபன் கேளுங்கள். படிக்க வசதியாக இருக்கட்டும் என்று கேஜை 3 மீட்டர் கீழே இறக்கினால், இடையில் நிற்கும் தண்ணீரே 0.3 கிலோ கூட்டிக் காட்டும். அதைக் கழித்துப் படியுங்கள்.