மின் இணைப்பு இல்லாத வீட்டுக்கு எந்தக் கணப்பு?

வெளியிலிருந்து மின் இணைப்பு இல்லாமல், சோலார் தகடுகளையும் பேட்டரியையும் மட்டுமே நம்பியிருக்கும் வீட்டுக்குக் குளிர்காலக் கணப்புத் தேடிப் போனால், விற்பவர்கள் முதலில் எடுத்துக் காட்டுவது செயல்திறன் சதவீதத்தைத்தான். ஹீட் பம்ப், பெல்லட் அடுப்பு, எரிவாயு ஹீட்டர், இரும்பு விறகடுப்பு, தீயின் வெப்பத்தைக் கனத்த செங்கல் சுவரில் சேர்த்து மெல்ல வெளியிடும் செங்கல் கணப்பு ஆகிய ஐந்தையும் எங்கள் வீட்டுக்காக எடைபோட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் செங்கல் கணப்பைக் கட்டிக்கொண்டோம். சூரியன் தலைகாட்டாத வாரத்தில் இந்தச் சாதனம் பேட்டரியிடமிருந்து எவ்வளவு கேட்கும் என்ற ஒரே கேள்விதான் எங்களை அந்த முடிவுக்குக் கொண்டுவந்தது.

கூரை, சுவர், ஜன்னல் இடுக்குகள் வழியே வெப்பம் கசியாமல் அடைப்பது எல்லாவற்றுக்கும் முந்திய வேலை என்பது தெரிந்ததே. அதை ஓரளவு முடித்த வீடு, கடும் குளிர் நாளில் சராசரியாக 4 கிலோவாட் வெப்பத்தை இழக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 24 மணி நேரமுள்ள நாளொன்றுக்கு 96 யூனிட் (கிலோவாட்-மணி) வெப்பம் வேண்டும். உங்கள் வீட்டுக்கு இந்த எண் கூடலாம், குறையலாம். கணக்குப் போடும் முறை ஒன்றுதான்.

செயல்திறனை மட்டும் பார்த்தால் ஹீட் பம்பை எதுவும் நெருங்க முடியாது. ஒரு யூனிட் மின்சாரத்தை வாங்கிக்கொண்டு, வெளிக்காற்றிலிருந்து எடுத்ததையும் சேர்த்து மூன்று யூனிட் வெப்பம் தருகிறது என்றால், 96 யூனிட்டுக்கு 32 யூனிட் மின்சாரம் போதும். ஆனால் மேகம் மூடிய குளிர்கால நாளில் 5 கிலோவாட் தகடுகள் ஒன்றரை மணி நேர முழு வெயிலுக்கு ஈடான மின்சாரத்தைத் தந்தாலே பெரிது. அது எட்டு யூனிட்டைக்கூட எட்டாது. மீதியைப் பேட்டரியில் சேர்த்து வைக்கலாம் என்றால், மூன்று இருண்ட நாட்களைத் தாண்டவே எழுபது யூனிட்டுக்கு மேல் சேமிப்பு வேண்டும். போதாததற்கு, குளிர் ஏற ஏற ஹீட் பம்பின் விகிதமும் இறங்குகிறது. வெளி அலகில் படியும் பனியை உருக்க அவ்வப்போது தன் வெப்பத்தையே செலவழிக்கிறது. வெப்பம் மிக அதிகமாகத் தேவைப்படும் நாளும் மின்சாரம் மிகக் குறைவாகக் கிடைக்கும் நாளும் ஒன்றாகவே வருவதுதான் இதன் அடிப்படைச் சிக்கல். வீட்டருகே ஆண்டு முழுவதும் ஓடும் நீரோடையிலிருந்து மின்சாரம் எடுக்கிறவர்களுக்கும், குளிர்காலத்திலும் நல்ல வெயில் அடிக்கும் இடங்களில் சிறிய வீடு வைத்திருப்பவர்களுக்கும் இந்தக் கணக்கு தலைகீழாகும். அவர்கள் ஹீட் பம்பையே முதலில் பரிசீலிக்க வேண்டும்.

பெல்லட் அடுப்பு விறகால் இயங்குவதால் மின்சாரக் கவலை இல்லை என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அழுத்திய மரத்தூள் வில்லைகளைத் திருகுக்கம்பி ஒன்று உள்ளே தள்ள, மின்விசிறி காற்றூத, ஒரு மின்பலகை எல்லாவற்றையும் ஆட்டிவைக்கிறது. பற்றவைக்கும் சில நிமிடங்களுக்கு 300 முதல் 400 வாட் வரை இழுக்கும். அதன் பிறகு, மாடலைப் பொறுத்து 50 முதல் 100 வாட் வரை ஓயாமல் வேண்டும். ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒன்றிலிருந்து இரண்டு யூனிட்டுக்கு மேல் போய்விடுகிறது. மின் இணைப்புள்ள வீட்டில் இது ஒரு பொருட்டே அல்ல. எட்டு யூனிட்டுக்குள் விளக்கும் ஃபிரிட்ஜும் தண்ணீர் மோட்டாரும் ஓட வேண்டிய வீட்டில், தகடுகளின் மேல் பனி படிந்து அந்த எட்டும் இரண்டாகச் சுருங்கிய நாளில், அடுப்பா ஃபிரிட்ஜா என்று தேர்ந்தெடுக்க வேண்டிவரும். நள்ளிரவில் இன்வெர்ட்டர் நின்றுபோனால் அடுப்பும் அணைந்துவிடும். மின்சாரம் இல்லாமல் வில்லைகள் தாமாகவே சரிந்து விழும் வகையும் உண்டு. அதை நான் பயன்படுத்தியதில்லை என்பதால் பரிந்துரைக்கத் தயங்குகிறேன்.

எரிவாயு ஹீட்டரை இரண்டாவது சாதனமாக வைத்துக்கொள்ள நான் தயங்கமாட்டேன். எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் சிறிய நிலைச்சுடரின் சூட்டிலிருந்தே தனக்கு வேண்டிய மில்லிவோல்ட் மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும் ஹீட்டர்கள் பேட்டரியைத் தொடுவதே இல்லை. உருளையில் இருப்பது புரோபேன்தானா என்று மட்டும் பார்த்து வாங்க வேண்டும்: தண்ணீர் உறையும் அளவுக் குளிரில் பியூட்டேன் ஆவியாக மறுக்கும், புரோபேனோ மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும். புகையை வெளியே விடாத வகை வேண்டவே வேண்டாம். ஒரு கிலோ புரோபேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கும் அதிகமான நீராவி அறைக்குள்ளேயே சேர்ந்து சுவரை ஈரமாக்கும்.

இனி விறகு. 20 சதவீத ஈரமுள்ள ஒரு கிலோ விறகில் ஏறத்தாழ 4 யூனிட் வெப்பம் இருக்கிறது. அன்று வெட்டிய, பாதி எடை தண்ணீராகவே உள்ள மரத்தில் இரண்டு யூனிட்டைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். கட்டையின் வெளிப்பக்கத்தில் ஈரமானியைக் குத்திப் பார்ப்பதில் பயனில்லை. கோடாலியால் பிளந்து, புதிதாகத் திறந்த உட்பக்கத்தில் குத்த வேண்டும். வெளியே 15 காட்டும் கட்டை உள்ளே 28 காட்டுவது சாதாரணம்.

இரும்பு அடுப்பு மலிவு. அரை மணியில் அறையைச் சூடாக்கும். இரவில்தான் அதன் குறை தெரியும். விடியும்வரை தீ தாங்க வேண்டும் என்று காற்றுவழியைக் குறைத்துவிட்டுப் படுத்தால், விறகு முழுதாக எரியாமல் புகைந்து, அந்தப் புகை குளிர்ந்த புகைபோக்கியில் தார்போல் படிகிறது. புகைபோக்கிக்குள் தீப்பிடிப்பதற்கு முக்கியக் காரணம் அந்தப் படிவுதான்.

செங்கல் கணப்பில் புகையவிடும் தேவையே இல்லை. காற்றைத் தாராளமாகத் திறந்துவிட்டு, பதினைந்து கிலோ விறகை ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் கொழுந்துவிட்டு எரித்து முடிக்கிறோம். தீயறை 800 டிகிரியைத் தாண்டுவதால் புகையும் சேர்ந்தே எரிந்துவிடுகிறது. சூடான வாயு செங்கல் வழிகளில் ஏறி இறங்கித் தன் வெப்பத்தைச் சுவரிடம் விட்டுவிட்டுப் போகிறது. 2,500 கிலோ செங்கல்லின் சராசரி வெப்பநிலை 60 டிகிரி உயர்ந்தால், அதில் 35 யூனிட் வெப்பம் தங்கும். அது நம் கணக்கிலுள்ள வீட்டுக்கு ஏறத்தாழ ஒன்பது மணி நேரத்துக்கு வரும். காலையும் மாலையும் ஒவ்வொரு முறை எரித்தால், எரியும்போதே அறைக்கு வரும் வெப்பத்தையும் சேர்த்து, கடும் குளிர் நாளும் ஏறத்தாழக் கடந்துவிடும். இதற்கெல்லாம் ஒரு வாட் மின்சாரம்கூட வேண்டாம். விசிறி, மோட்டார், மின்பலகை எதுவும் இல்லாததால் பழுதாகிப்போய் உதிரிபாகத்துக்குக் காத்திருக்கவும் வேண்டாம். ஆண்டுக்கொரு முறை புகைபோக்கியைத் துலக்குவது, சாம்பல் அள்ளுவது, கதவில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பார்த்து, அது வழுக்கிக்கொண்டு வந்தால் கதவோரத்தில் காற்றுக் கசியாமல் அடைக்கும் கயிற்றை மாற்றுவது என்று பராமரிப்பு முழுவதும் வீட்டுக்காரர் கையிலேயே இருக்கிறது. தணல் முற்றிலும் அணையாமல் புகைவழித் தகட்டை மூடிவிடக் கூடாது என்பதையும், பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு எச்சரிப்பான் கட்டாயம் என்பதையும் விறகு எரிக்கும் எல்லா வீட்டுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

உழைப்பை நான் மறைக்கவில்லை. கடும் குளிர் நாளில் முப்பது கிலோ, சராசரி நாளில் அதில் பாதி என்று வைத்தாலும், நான்கு மாதக் குளிருக்கு இரண்டு டன் அளவு விறகு வேண்டும். அதைப் பிளந்து, அடுக்கி, ஓராண்டாவது காயவிட வேண்டும். முதுகுவலி உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் இதுவே போதுமான தடை. அவர்களுக்கு எரிவாயுதான் பொருந்தும். வாரக் கடைசியில் மட்டும் வந்து தங்கும் வீட்டுக்கும் செங்கல் கணப்பு உதவாது, ஏனென்றால் ஆறிக் கிடக்கும் அத்தனை செங்கல்லும் சூடேறி அறைக்கு வெப்பம் விடத் தொடங்குவதற்குள் பாதி நாள் போய்விடும். அங்கே இரும்பு அடுப்பே சரி. ஏற்கெனவே கட்டி முடித்த, மரத்தளம் போட்ட வீட்டிலும் அப்படித்தான்: இரண்டரை டன் சுமைக்குத் தரையிலிருந்தே தனி அடித்தளம் எழுப்ப வேண்டும், அதைப் பின்னால் புகுத்துவது கணப்பைக் கட்டுவதைவிடப் பெரிய வேலையாகிவிடும்.