ஷபாத் பிளாட்டா: ஆறு வருஷம் பயன்படுத்திய பிறகு சொல்கிறேன்

வெள்ளிக்கிழமை மதியம் தாண்டிவிட்டால் எங்கள் வீட்டில் அடுப்பைவிட, சாப்பாட்டைச் சூடாக வைத்திருக்கும் இந்த மின்சாரத் தட்டுக்குத்தான் மரியாதை. இஸ்ரேலுக்குப் பராமரிப்பு வேலைக்குப் புதிதாக வரும் நம் பெண்கள் இதைப் பற்றி அடிக்கடி கேட்பதால் விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

நான் நாகர்கோவில்காரி. ராமத் கானில் ஒரு பாட்டியைப் பார்த்துக்கொள்கிறேன். பாட்டி பாக்தாத்தில் பிறந்தவர். 1950, 51-ல் ஈராக்கிலிருந்து ஒரு லட்சத்து இருபதாயிரம் யூதர்கள் விமானத்தில் இங்கே வந்தார்களே, அப்போது சின்னப் பெண்ணாக வந்து இறங்கியவர். என்னை ‘அயூனி’ என்றுதான் கூப்பிடுவார். அரபியில் ‘என் கண்ணே’ என்று அர்த்தம். எங்கள் ஊரில் பெரியவர்கள் ‘மக்ளே’ என்பது போல என் காதில் விழும்.

பிளாட்டா என்றால் ஒரு தட்டையான உலோகப் பெட்டி. நான்கு குட்டைக் கால்கள், ஒரு வயர், சூடாகிவிட்டதைக் காட்ட ஒரு சிவப்பு விளக்கு. அவ்வளவுதான். சூட்டைக் கூட்டவோ குறைக்கவோ திருகு கிடையாது, சுவிட்சும் கிடையாது. முதல் தடவை பார்த்தபோது எதையோ பொருத்த மறந்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். காரணம் பிறகுதான் புரிந்தது. வெள்ளி சூரியன் மறைவதற்கு முன்னால் தொடங்கி சனி இரவு நட்சத்திரம் தெரியும் வரை ஷபாத், யூதர்களின் ஓய்வு நாள். அந்த நேரத்தில் தீ மூட்டக் கூடாது, சமைக்கக் கூடாது, சுவிட்சைத் தொடக் கூடாது. ஏற்கெனவே வெந்த சாப்பாடு ஏற்கெனவே சூடாக இருக்கும் இடத்தில் தொடர்ந்து இருக்கலாம். திருகு இருந்தால் மறந்துபோய்க் கை அதன்மேல் போய்விடும் அல்லவா? அதனால் திருகே வைக்கவில்லை. இந்தச் சாமானின் மொத்த அறிவும் அதில் இல்லாத அந்தத் திருகில்தான் இருக்கிறது.

இப்போது எங்களிடம் இருப்பது 60 சென்டிமீட்டர் நீளம், 40 சென்டிமீட்டர் அகலம். ஒரு பெரிய பானை, ஒரு சின்னப் பானை, ஓரத்தில் ரொட்டி வைக்க இடம். இது நான் வந்த பிறகு வாங்கிய இரண்டாவது தட்டு. முதலில் வாங்கியதன் கதையைச் சொல்லியாக வேண்டும்.

நான் வேலைக்கு வந்த முதல் குளிர்காலம். பழைய தட்டு வீணாகிப் போனது. பாட்டியின் மகள் பணம் கொடுத்து வாங்கி வரச் சொன்னார். சந்தைக்குப் பக்கத்தில் ஒரு கடையில் விலை குறைவாக ஒன்று கிடைத்தது. கடைக்காரர் பிளக்கில் மாட்டிக் காட்டினார், விளக்கு எரிந்தது, எடுத்துவந்துவிட்டேன். மூன்றாவது வெள்ளிக்கிழமை, பாட்டி ஷபாத் விளக்கேற்றி, சாப்பிட்டு முடித்து, இரவு ஒன்பது மணி இருக்கும். மறுநாளுக்கான பானையை எட்டிப் பார்த்தால் சிவப்பு விளக்கு அணைந்திருக்கிறது. தட்டின் மேல் கையை வைத்தேன். ஆறிக்கொண்டிருந்தது. உள்ளே கோழியும் அரிசியும்.

எனக்கு ஷபாத் கிடையாது. கேஸ் அடுப்பு இரண்டடி தூரத்தில் இருக்கிறது. ‘பற்ற வைக்கட்டுமா பாட்டி?’ என்று கேட்டேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார், வேண்டாம் என்று. யூதர் அல்லாதவரிடம் தனக்காக அந்த வேலையைச் செய்யச் சொல்வதும் அவர்களுக்குக் கூடாது. அவர் கேட்கவும் முடியாது, நான் செய்தாலும் அவர் சாப்பிட மாட்டார். மறுநாள் பானையைத் திறக்கவே இல்லை, சனி இரவு அப்படியே குப்பைக்குப் போனது. ரொட்டியும் கத்தரிக்காய் சாலட்டும் வைத்துச் சாப்பிட்டோம். முழுக் கோழி, அரைக் கிலோ அரிசி, வெள்ளிக்கிழமை முழுக்க நின்று செய்த வேலை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனால், பில் எங்கே என்று கேட்டார்கள். பில்லே கொடுக்கவில்லையே, நான் எங்கே போவேன்.

அதனால் முதல் அறிவுரை: பில், உத்தரவாதச் சீட்டு, தரச்சான்று முத்திரை மூன்றும் இல்லாமல் வாங்காதீர்கள். இரண்டாவது: கொண்டுவந்த அன்றே சோதியுங்கள். இப்போதைய தட்டு வந்த அன்று நான் செய்தது இதுதான். ஒரே மாதிரி மூன்று பாத்திரத்தில் கொதித்த தண்ணீரை மூடி, நடுவில் ஒன்று, இரு ஓரத்திலும் ஒவ்வொன்று வைத்தேன். ஐந்து மணி நேரம் கழித்துச் சமையல் தெர்மாமீட்டரால் பார்த்தேன். நடுவில் 88 டிகிரி, ஓரங்களில் 71, 73. இறைச்சி இரவு முழுக்க இருக்க வேண்டுமென்றால் 60 டிகிரிக்குக் கீழே இறங்கவே கூடாது. ஓரமும் தேறியது, எனக்கு நிம்மதியாக இருந்தது. இன்றுவரை அந்தச் சூடு மாறவில்லை.

சரி, இதில் என்ன சமைக்கிறோம்? திபீத். இந்தத் தட்டு வாங்கத் திபீத் ஒன்றே போதுமான காரணம்.

‘இரவு தங்குவது’ என்று அர்த்தமுள்ள அரபிச் சொல்லிலிருந்து வந்த பெயர். பாக்தாதில் கரித்தணலின் மேல் பானையை வைத்து, மேலே பழைய மெத்தை விரிப்பைப் போர்த்திவிடுவார்களாம். இங்கே தணலுக்குப் பதில் தட்டு. கோழியைச் சுத்தம் செய்து, வயிற்றுக்குள் அரிசி, பொடியாக நறுக்கிய ஈரல், தக்காளி, ஏலம், பட்டை, கிராம்பு, மிளகு, மஞ்சள் எல்லாம் சேர்த்து அடைத்துத் தைக்க வேண்டும். முக்கால்வாசிதான் அடைக்கணும், அரிசி உப்பும்போது தோல் கிழிந்துவிடும். தையல் போடப் பாட்டி தனியாக ஒரு ஊசி வைத்திருக்கிறார். பிறகு எண்ணெயில் நாலு பக்கமும் சிவக்கப் புரட்டி, தக்காளி விழுது, தண்ணீர் ஊற்றி, கோழி வெந்ததும் சுற்றிலும் மீதி அரிசியைக் கொட்டி, தண்ணீர் வற்றும் வரை கேஸ் அடுப்பிலேயே வைக்க வேண்டும். கடைசியாகக் கழுவிய முட்டைகளை ஓட்டோடு அரிசியின் மேல் அடுக்கி, மூடி, தட்டுக்கு மாற்றிவிடுவோம். டிசம்பரில் நாலேகாலுக்கெல்லாம் ஷபாத் விளக்கேற்ற வேண்டும், ஜூனில் ஏழரை வரை நேரம் இருக்கும். குளிர்காலத்தில் காலை ஆறு மணிக்கே கோழியைக் கையில் எடுத்தால்தான் சரிவரும்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வீடு முழுக்க ஏலமும் வறுத்த அரிசியும் கலந்த வாசம். முதலில் முட்டையை மட்டும் எடுப்போம். ஓட்டை உரித்தால் வெள்ளைக்கரு தேநீர் நிறத்தில் இருக்கும். அதோடு வெள்ளிக்கிழமையே பொரித்து வைத்த கத்தரிக்காய், ரொட்டி, அம்பா. அம்பா என்றால் நம் மாங்காய் ஊறுகாய்தான்! மஞ்சளும் வெந்தயமும் போட்டது. பம்பாயோடு வியாபாரம் செய்த பாக்தாத் யூதர்கள் வழியாகப் போனது என்று சொல்வார்கள். அந்த வெந்தய வாசம் முதல்முறை மூக்கில் ஏறியபோது எனக்கு எங்கள் வீட்டுப் பரண் ஞாபகம் வந்தது. இங்கே தெருவெல்லாம் விற்கும் சபீக் என்கிற ரொட்டிச் சாப்பாடு இந்தக் காலைச் சாப்பாட்டிலிருந்து வந்ததுதான்.

மதியம் கோழியை எடுத்த பிறகு, பானையின் அடியில் ஒட்டியிருக்கும் பொன்னிறக் காந்தலைப் பாட்டி கரண்டியால் சுரண்டுவார். அதற்கு ஹகாக்கா என்று பெயர். பேரப்பிள்ளைகள் வந்தால் அதற்குத்தான் சண்டை. நல்ல தட்டு, மட்டமான தட்டு என்ற வித்தியாசம் இந்தக் காந்தலில் தெரிந்துவிடும். சூடு சமமாகப் பரவினால் முழு வட்டமாக, ஒரே நிறத்தில், அப்பளம் போல எழும்பி வரும். எங்கள் தட்டில் நடுவில் வைத்தால் அப்படியே வரும். கொஞ்சம் ஓரம் தள்ளி வைத்தால் ஒரு பக்கம் சிவந்து, மறுபக்கம் வெளுத்துச் சோறாகவே இருக்கும். மெல்லிய அலுமினியப் பானையில் கருகிவிடும். அடி கனமான பானை வேண்டும்.

இன்னொரு விஷயம், இதை எந்தக் கடைக்காரரும் சொல்ல மாட்டார். யூதர் அல்லாதவர் மட்டும் சமைத்ததை இவர்கள் சாப்பிடக் கூடாது என்று ஒரு விதி உண்டு. அஷ்கெனாசி, அதாவது ஐரோப்பிய வழி யூதர் வீடுகளில், யூதர் ஒருவர் அடுப்பைப் பற்ற வைத்தாலே போதும் என்பார்கள். பாட்டி போன்றவர்கள் வழக்கப்படி பானையை அடுப்பில் வைப்பதே யூதர் கையாக இருக்க வேண்டும். நான் எல்லாம் தயார் செய்து, பானையை அடுப்புக்குப் பக்கத்து மேடையில் வைத்துவிட்டுக் கூப்பிடுவேன். பாட்டி சக்கர நாற்காலியில் வருவார். ஒரு கையால் மேடையைப் பிடித்து எழுந்து, இரண்டு கைகளாலும் பானையின் காதுகளைப் பிடிப்பார். விரல்கள் நடுங்கும், பானை மூடி கடகடவென்று சத்தம் போடும். நான் பின்னால் அவர் இடுப்பைத் தாங்கிப் பிடித்துக்கொள்வேன், பானையைத் தொட மாட்டேன். தூக்க முடிவதில்லை இப்போதெல்லாம், நகர்த்தித்தான் வைப்பார். பர்னருக்கு மேல் பானை உட்கார்ந்ததும் ‘யல்லா, அயூனி’ என்பார், ‘சரி, ஆகட்டும் கண்ணே’ என்பது போல. அவர் வைத்தால்தான் அது அவர் வீட்டுச் சமையல்.

தட்டு வாங்கும்போது உயரத்தையும் பாருங்கள், காரணம் இருக்கிறது. வெந்த பிறகு தட்டுக்கு நானே மாற்றலாம், அதற்குத் தடையில்லை. ஆனால் அவருக்கு அதையும் தானே செய்ய ஆசை. எங்கள் தட்டின் மேல்பரப்பு அடுப்பின் கம்பிக்கு ஏறக்குறைய சம உயரம். மகள் அடுப்பிலிருந்து தட்டுக்கு ஒரு எஃகுப் பலகையைப் பாலம் போல வைத்துக் கொடுத்திருக்கிறார். பாட்டி அதன்மேல் பானையைத் தள்ளிக்கொண்டே போய்ச் சேர்த்துவிடுவார். உயரமான கால் வைத்த மாடலில் இது நடக்காது.

பண்டிகைகளிலும் தட்டுக்கு வேலைதான். யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானா இரண்டு நாள். அது வியாழன், வெள்ளியில் வந்தால் சனியும் சேர்ந்து மூன்று நாள் ஆகிவிடும், 2024-ல் அப்படி வந்தது. மூன்று நாளும், முன்பே வைத்த நேரத்தில் மின்சாரத்தைத் தானே போட்டு அணைக்கும் டைமரில் ஓடியது, ஒரு குறையும் இல்லை. டைமர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 16 ஆம்பியர் தாங்குவதாகப் பார்த்து வாங்குங்கள். விளக்குக்கான சின்ன டைமரில் மாட்டி, பிளாஸ்டிக் இளகிப்போன வீட்டைப் பார்த்திருக்கிறேன்.

பெசாக் என்பது புளித்த மாவுப் பண்டங்களை விலக்கும் ஒரு வாரப் பண்டிகை. அதற்கு முன் தட்டை நன்றாகத் தேய்த்து, சும்மா சூடாக்கி, இரட்டை ஃபாயில் போட்டு மூடுவோம். மாவு ஒரு துளி இருக்கக் கூடாது. பக்கத்து வீட்டு அஷ்கெனாசி குடும்பம் அந்த வாரம் அரிசியே தொட மாட்டார்கள். ஈராக்கிக்காரர்கள் சாப்பிடுவார்கள், ஆனால் கோதுமை மணி எதுவும் கலந்திருக்காதபடி அரிசியை மூன்று தடவை பொறுக்க வேண்டும். பாட்டியும் நானும் வெள்ளைத் துணி விரித்து உட்கார்ந்து பொறுக்குவோம். கல் பொறுக்கிப் பழகிய கை எனக்கு, அந்த வேலையில் பாட்டிக்கு என்மேல் ரொம்பப் பெருமை.

சாதாரண நாட்களில் தட்டை அவ்வளவாக எடுப்பதில்லை. பீட்ரூட் கூபா என்ற இறைச்சி உருண்டைக் குழம்பு செய்யும் நாளில் விருந்தாள் வரத் தாமதமானால் சூடாக வைப்போம். ஒருமுறை எங்கள் ஊர் முறையில் தேங்காய்ப்பால் ஊற்றிக் கோழி செய்து அதில் வைத்திருந்தேன். மகள் எட்டிப் பார்த்து, ‘கோழியில் பாலா!’ என்று பதறிப்போனார், இறைச்சியும் பாலும் சேர்வது அவர்களுக்குக் கூடாது. டப்பாவைக் காட்டி விளக்கினேன். பாட்டி அந்தத் தேங்காய்ப்பால் டப்பாவை மேசையில் எல்லோருக்கும் தெரியும்படி வைக்கச் சொன்னார், வேறு யாரும் தப்பாக நினைக்கக் கூடாது என்று. அதுவும் அவர்களுடைய பழைய வழக்கம்தானாம். கோழி மிச்சமில்லை.

குறைகளையும் சொல்கிறேன். கழுவ முடியாது, ஈரத்துணியால் துடைப்பதுதான் வழி. தக்காளிக் குழம்பு சிந்தினால் ஃபாயில் அப்படியே ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். வயர் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். பக்கவாட்டுத் தகடும் நன்றாகச் சுடும், குழந்தைகள் உள்ள வீட்டில் சுவரோரம் தள்ளி வையுங்கள். தயவுசெய்து மேலே துண்டோ போர்வையோ மூடாதீர்கள். பாக்தாத் தணலுக்குச் சரி, மின்சாரத்துக்கு ஆபத்து.

விலை எங்களுக்கு 220 ஷேக்கல் ஆனது. ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், அந்த அரை வயருக்காகக் குறைத்தது. ஊருக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்டவர்களுக்கு: இங்கேயும் 230 வோல்ட், நம் ஊரிலும் அதுதான், பிளக் மட்டும் வேறு. அடுத்த விடுமுறைக்கு நான் சின்ன அளவில் ஒன்று எடுத்துப் போகிறேன். கடைக்குப் போகும் முன் உங்கள் பெரிய பானையின் அடியை ஒரு நூலால் அளந்து, அந்த நூலைக் கையோடு கொண்டுபோங்கள்.