சொன்ன தேதிக்கு நகை தர: தேதி வரிசையா, அட்டை முறையா?

நாகர்கோவில் வடசேரியின் கோயில் நகைப் பட்டறையில் ஒன்றைப் போல இன்னொரு ஆர்டர் வருவது அரிது. இன்று ஒட்டியாணம், நாளை நெற்றிச்சுட்டி, அடுத்து ஜிமிக்கி. அரங்கேற்ற நாளோ நகைக்காகத் தள்ளிப்போகாது.

நமக்குப் பழகியது தேதி வரிசை: யாருடைய கெடு முந்துகிறதோ, அவர் வேலை முதலில். ஒரே ஆள், ஒரே இயந்திரம் என்றால், மிக மோசமான தாமதத்தை இதைவிடக் குறைக்கும் வரிசை கிடையாது என்று 1955இல் ஜாக்சன் என்ற ஆய்வாளர் நிறுவினார். ஆனால் நம் நகை வெள்ளி வேலை, கல் பதிப்பு, ரேக்கு (தங்கத் தகடு ஒட்டுவது), மெருகு என்று பல கை மாறுகிறது. அங்கே அந்த உறுதி செல்லாது. போதாததற்கு, வந்த ஆர்டரையெல்லாம் உடனே தொடங்கிவிடுகிறோம். கல் பதிப்பவர் முன் குவியல் ஏறுகிறது. ஒவ்வொரு ஃபோனுக்கும் கையிலிருப்பதை ஓரம் வைத்து வேறொன்றை எடுக்கிறார்.

அட்டை முறைகளில், டொயோட்டாவில் வளர்ந்த கான்பன் (எடுத்த பொருளுக்கு ஈடு மட்டும் செய்யச் சொல்லும் அட்டை), ஒரே பொருள் திரும்பத் திரும்ப ஓடும் இடத்துக்கானது. கெம்புக் கல் தீராமல் பார்த்துக்கொள்ள உதவும். அதற்கு மேல் வேண்டாம்.

என் வாக்கு, உள்ளே நடக்கும் வேலையின் அளவை மாறாமல் வைக்கும் கான்விப் முறைக்குத்தான். ஸ்பியர்மன், உட்ரஃப், ஹாப் மூவரும் 1990இல் முன்வைத்தது. அட்டை என்பது ஒரு வேலை உள்ளே வருவதற்கான அனுமதிச் சீட்டு. பட்டறைக்குள் இத்தனை அட்டைதான்; ஒரு வேலை முடிந்து வெளியேறினால்தான் அடுத்தது உள்ளே வரும். நாளொன்றுக்கு 2 நகை முடியும் இடத்தில் 30 கிடந்தால், லிட்டில் விதிப்படி (உள்ளே கிடப்பதை, நாளொன்றுக்கு முடிவதால் வகுத்தால் வருவது) ஒரு நகை சராசரியாக 15 நாள் உள்ளே கிடக்கும். 12 மட்டும் இருந்தால் 6 நாள். ஆளும் கூலியும் அதேதான். யாராவது வேலையின்றி உட்கார நேர்ந்தால் மட்டும் அட்டையைக் கூட்டுங்கள். அட்டையை நகை எண்ணிக்கைக்கு வைக்காமல், அது பிடிக்கும் வேலை நேரத்துக்கு ஏற்ப வையுங்கள். ஜிமிக்கியும் ஒட்டியாணமும் ஒன்றா? வாசலில் காத்திருக்கும் ஆர்டர்களுக்குத் தேதி வரிசையே சரி. அந்தக் காத்திருப்பையும் சேர்த்தே வாடிக்கையாளரிடம் நாள் சொல்ல வேண்டும். இதை விட்டால் தாமதம் உள்ளிருந்து வாசலுக்கு இடம் மாறும், அவ்வளவுதான்.

ராஜன் சூரி உருவாக்கிய போல்கா இன்னும் நுட்பமானது. அட்டை, அடுத்தடுத்த இரண்டு பிரிவுகளை இணைக்கும். அடுத்த பிரிவில் இடமிருந்தால்தான் முந்தைய பிரிவு வேலையைத் தொடங்கலாம். வேலைக்கு வேலை வழி மாறும் இரும்புப் பட்டறைகளுக்கு, கோணம் தொழிற்பேட்டை போன்ற இடங்களில், இதையே பரிந்துரைப்பேன். நான்கு பேர் ஒரே கூடத்தில் அமர்ந்து செய்யும் நகை வேலைக்கு அது தேவையில்லை. தலையைத் திருப்பினாலே அடுத்தவர் முன் எவ்வளவு கிடக்கிறது என்று தெரிந்துவிடும்.