மாலத்தீவு ரிசார்ட்: படகில் எட்டும் தீவா, கடல் விமானத் தீவா?

மாலத்தீவில் பெரும்பாலும் ஒரு தீவு முழுவதும் ஒரே ரிசார்ட்டாக இருப்பதால், அறையின் படங்களைப் பார்ப்பதற்கு முன் அத்தீவு மாலே விமான நிலையத்திலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளது என்று பார்க்க வேண்டும். வட மாலே, தென் மாலே பவளத்தீவுக் கூட்டங்களுக்கு விரைவுப் படகு போதும். பா, நூனு போன்ற தொலைவான கூட்டங்களுக்குப் பெரும்பாலோர் தண்ணீரிலேயே ஏறி இறங்கும் கடல் விமானத்தில் செல்கிறார்கள். மதுரையிலிருந்து வயதான பெற்றோரை அழைத்துச் சென்ற நாங்கள் படகுத் தீவையே தேர்ந்தெடுத்தோம். இன்று கேட்டாலும் அதையே சொல்வேன்.

ஒரே விலைத்தரத்தில் அறை, உணவு, கடல்மேல் குடில் ஆகியவற்றில் பெரிய வேறுபாடு இல்லை. 2025 முதல் ரிசார்ட்டுகளில் ஓர் இரவுக்கு ஒருவருக்கு 12 டாலராக உள்ள பசுமை வரியும், 17 சதவீதச் சுற்றுலா வரியும் இரண்டுக்கும் பொது. விளம்பர விலையில் இவை பல நேரங்களில் சேர்ந்திருப்பதில்லை.

முடிவைத் தீர்மானிப்பது நாம் மாலேயில் இறங்கும் நேரம். கடல் விமானம் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். மதுரையிலிருந்து கொழும்பு வழியாகவோ, ரயிலில் திருவனந்தபுரம் சென்று அங்கிருந்தோ புறப்படுபவர் மாலையில் இறங்கினால், விமான நிலையத்துக்கு அருகிலுள்ள ஹுல்ஹுமாலே தீவில் ஒரு விடுதியில் இரவைக் கழித்து, மறுநாள்தான் தீவுக்குப் போக முடியும். ஊர் திரும்பும் விமானம் விடியற்காலையில் என்றால், முந்தைய நாளே தீவை விட்டு வர வேண்டும். சில நாள் விடுப்பில் போகும் குடும்பத்துக்கு இது பேரிழப்பு. கடல் விமானம் புறப்படும் நேரத்தையும் பெரும்பாலும் முந்தைய மாலையில்தான் சொல்வார்கள். பெட்டியின் எடை 20 கிலோவைத் தாண்டினால் தனிக் கட்டணம். போக வர ஒருவருக்கு 400 டாலருக்கு மேல் ஆவது சாதாரணம். படகுக்கு இதில் பாதிகூட ஆகாத இடங்கள் உண்டு, பல ரிசார்ட்டுகள் இரவிலும் படகு அனுப்புகின்றன.

படகிலும் குறை இல்லாமலில்லை. நம் ஊரில் ஆடிக்காற்று அடிக்கும் தென்மேற்குப் பருவத்தில் அங்கும் கடல் கொந்தளிக்கும். நாங்கள் தை மாதத்தில் சென்றதால் அந்தக் குலுக்கலை அனுபவித்துச் சொல்ல என்னால் இயலாது; முதுகுவலி உள்ளவர்கள் படகின் பின்பகுதியில் அமர்வது நல்லது. மாலேக்கு அருகிலுள்ள தீவுகளில் விமான ஓசையும் கேட்கும். அது என் பெற்றோருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. எனக்குத்தான் முதல் நாள் சற்று எரிச்சலாக இருந்தது.

மேலிருந்து தெரியும் பவளத்திட்டுகளின் அழகுக்காகக் கடல் விமானத்தில் ஏறுவோரைக் குறை சொல்ல மாட்டேன். 2011இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த பா கூட்டத்தின் ஹனிஃபாரு விரிகுடாவில் மாண்டா திருக்கைகள் திரளும் காலமும் தென்மேற்குப் பருவமே. அவற்றைக் காண்பதே நோக்கம் என்றால் தொலைவைப் பார்க்கக் கூடாது. அப்போதும், பக்கத்திலுள்ள தரவந்தூவுக்கு உள்நாட்டு விமானத்தில் சென்று, அங்கிருந்து ரிசார்ட்டின் படகில் போக முடியுமா என்று முன்பதிவுக்கு முன்பே கேட்டுக்கொள்ளலாம். அந்த விமானங்களுக்குப் பகல் வெளிச்சம் என்ற கட்டுப்பாடு இல்லை.