கடைசி லைனா, ஸ்வீடனில் முதல் லைனா? 22 வயது ஐஸ் ஹாக்கி வீராங்கனையின் கணக்கு

அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியில் நான்கு ஆண்டு ஆடி முடிக்கும்போது ஒரு வீராங்கனைக்குப் பெரும்பாலும் 22, 23 வயதாகியிருக்கும். அதற்குப் பிறகும் ஐஸ் ஹாக்கிதான் தொழில் என்றால் முன்னால் நிற்கும் பெரிய கதவுகள் இரண்டு: வட அமெரிக்காவின் தொழில்முறைப் பெண்கள் லீக்கான பிடபிள்யூஎச்எல், ஸ்வீடனின் முதல்நிலைப் பெண்கள் லீக்கான எஸ்டிஎச்எல். 2024 டிராஃப்டில் (அணிகள் முறை வைத்துப் புதிய வீராங்கனைகளைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதல் ஆளாக நியூயார்க் எடுத்த சாரா ஃபிலியர் மாதிரி ஆட்களுக்கு யோசிக்க எதுவும் இல்லை. கடைசிச் சுற்றுகளில் எடுக்கப்பட்டவரும், எடுக்கப்படாமல் பயிற்சி முகாமுக்கு மட்டும் அழைக்கப்பட்டவரும்தான் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும்: பிடபிள்யூஎச்எல்லில் கடைசி லைனா, ஸ்வீடனில் முதல் லைனா என்று. லைன் என்பது மாறி மாறிக் களமிறங்கும் முன்கள ஆட்டக்காரர் குழு; முதல் லைனுக்கே நேரம் அதிகம்.

முதலில் காசு. 2024 ஜனவரி 1 அன்று தொடங்கிய பிடபிள்யூஎச்எல்லில் வீராங்கனைகளின் சங்க ஒப்பந்தப்படி முதல் பருவத்தில் குறைந்தபட்சச் சம்பளம் 35,000 அமெரிக்க டாலர். ஆண்டுக்கு 3% ஏறும். ஓர் அணியில் ஆறு பேருக்காவது 80,000 டாலருக்குக் குறையாமல் தர வேண்டும். கீழ்மட்டத்தில் இருப்பவர் மேலே உள்ள ஆறு பேரைப் பார்த்துக் கனவு காணாமல், குறைந்தபட்சத் தொகையில் பாஸ்டன், டொரண்டோ வாடகையைக் கட்ட முடியுமா என்று பார்ப்பது நல்லது. வீட்டு வாடகைக்கு உதவித்தொகை உண்டு. இருந்தாலும் அறைத்தோழி இல்லாமல் தாக்குப்பிடிப்பது கஷ்டம். ஸ்வீடனில் சம்பளம் கிளப்புக்குக் கிளப் மாறும், பொதுவாகக் குறைவு. உள்ளூர்ப் பெண்கள் பலர் படித்துக்கொண்டோ வேலை பார்த்துக்கொண்டோதான் ஆடுகிறார்கள். வெளிநாட்டிலிருந்து வருபவருக்குக் கிளப்பே வீடு தருவது வழக்கம் என்பதால் கையில் நிற்கும் தொகையில் வித்தியாசம் சம்பளச் சீட்டில் தெரியும் அளவுக்கு இருக்காது.

ஆனால் பணத்தை வைத்து முடிவெடுப்பதே தப்பு. களத்தில் கிடைக்கும் நிமிடங்களை எண்ணுங்கள். நாலாவது லைனில் இருப்பவருக்கு ஓர் ஆட்டத்தில் 6 நிமிடம் கிடைத்தால், 2024-25 பருவத்தின் 30 ஆட்டங்களுக்கு 180 நிமிடம். அதே பருவத்தில் ஸ்வீடனில் 36 ஆட்டம்; முதல் லைனில் 18 நிமிடம் என்றால் 648. 22 வயதில் இந்த வித்தியாசம் சாதாரணமானதில்லை. கடைசி லைன் ஆளுக்கு பிடபிள்யூஎச்எல்லில் ஒரு குறுக்குவழி மட்டும் உண்டு. அங்கே ஓர் ஆள் குறைவாக ஆடும் அணி கோல் போட்டால், சிறு தவறுக்காகத் தண்டனைப் பெட்டியில் (தவறு செய்தவர் சிறிது நேரம் உட்கார வேண்டிய இடம்) இருப்பவர் உடனே வெளியே வந்துவிடலாம். அதனால் ஆள் குறைந்த நேரத்தில் பக்கை (ஆடும் வட்டை) பறித்துக்கொண்டு ஓடும் வேகக்காரிக்கு மதிப்பு கூடுதல். கோல் எண்ணிக்கையைக் காட்டி இடம் பிடிக்க முடியாதவர் இதைக் காட்டிப் பிடிக்கலாம்.

அடுத்தது ரிங்க், அதாவது ஆடும் பனித்தளம். வட அமெரிக்க ரிங்க் சுமார் 61 மீட்டர் நீளம், 26 மீட்டர் அகலம். வழக்கமான அகல சர்வதேச அளவு 60-க்கு 30; ஸ்வீடனில் பெரும்பாலும் இதுதான். ஆட்டத்தை மறுபடி தொடங்க பக்கைப் போடும் ஃபேஸ்ஆஃப் புள்ளியிலிருந்து பக்கச் சுவருக்கு வட அமெரிக்காவில் சுமார் 6.2 மீட்டர், ஸ்வீடனில் 8 மீட்டர். கல்லூரியிலிருந்து வரும் தடுப்பாட்டக்காரர் பழக்கதோஷத்தில் சுவர்வரை விரட்டிக்கொண்டு போவார். நடுவில் திறந்துவிட்ட இடத்தில் எதிரி கோல் முகத்துக்கே வந்து நிற்பார். இரண்டு புள்ளிகளுக்கு நடுவிலேயே இருந்து எதிரியை வெளியே தள்ளி வைக்கப் பழக ஒரு மாதமாவது ஆகும். மாறாக, அகல ரிங்க்கில் பல ஆண்டு ஆடிய முன்கள ஆட்டக்காரர் பக்கை ஒரு நொடி கூடுதலாக வைத்திருந்து பழகிவிடுவார். குறுகிய ரிங்க்கில் அந்த ஒரு நொடி கிடையாது.

உடல் மோதல் இன்னொன்று. கல்லூரி ஆட்டத்தில் பாடி செக்கிங், அதாவது எதிரியை உடலால் இடித்துத் தடுப்பது, கூடாது. ஸ்வீடன் 2022-23இல் அனுமதித்தது. பிடபிள்யூஎச்எல்லிலும் பக்குக்கான போட்டியில், முக்கியமாகச் சுவரோரம், மோதலுக்கு இடம் உண்டு. புதிதாக வருபவர்கள் அடிபடுவது ஒரே இடத்தில்தான்: சுவருக்கு ஒரு மீட்டர் முன்னால், எதிரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும்போது. அங்கே தள்ளுப்பட்டால் தலைதான் முதலில் சுவரில் மோதும். பக்கை நேர்கோட்டில் போய் எடுக்காமல் சாய்வாகப் போக வேண்டும். போகும்போதே தோளுக்கு மேலாக ஒரு முறை திரும்பிப் பார்க்க வேண்டும். மோதல் வருகிறது என்று தெரிந்தால் விலகி நிற்காமல் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். இதை நிறைய நிமிடங்கள் கிடைக்கும் இடத்தில் கற்றுக்கொள்வது மேல்.

ஆகவே எங்கள் பரிந்துரை: தடுப்பாட்டக்காரர் என்றால் முதலில் ஸ்வீடன். முன்கள ஆட்டக்காரர், நல்ல வேகம் என்றால் பிடபிள்யூஎச்எல் முகாமில் ஒரு கை பார்க்கலாம். ஸ்வீடனுக்குப் போனால் கதவு அடைபடும் என்ற பயம் வேண்டாம். லீனா யுங்ப்ளோமை மான்ட்ரியால் 2023இல் எடுத்தது. அவர் இன்னொரு பருவம் ஸ்வீடனின் மோடோ அணிக்கே ஆடிவிட்டு 2024-25இல்தான் போனார். ஃபின்லாந்தின் ஜென்னி ஹீரிகோஸ்கி மாதிரி பல ஆண்டுகள் ஸ்வீடனின் லூலியோ அணியிலேயே தங்கிப் பெயர் வாங்கியவரும் உண்டு.

லீக் என்பதே நிலையானது என்று மட்டும் நம்பிவிட வேண்டாம். கனடாவின் பெண்கள் லீக்கான சிடபிள்யூஎச்எல் 2019இல் மூடப்பட்டது. பிடபிள்யூஎச்எல்லுக்கு முன்பிருந்த வட அமெரிக்கப் பெண்கள் லீக்கான பிஎச்எஃப் 2023 ஜூனில் விலைக்கு வாங்கப்பட்டு மூடப்பட்டபோது, கையெழுத்தான ஒப்பந்தங்களும் சேர்ந்தே போயின. எங்கே கையெழுத்துப் போட்டாலும் மூன்றைப் பாருங்கள்: காயம் பட்டால் சிகிச்சைச் செலவு பருவம் முடிந்த பிறகும் தொடருமா, வீடு எந்தத் தேதிவரை, டிராஃப்டில் எடுக்கப்பட்டால் ஜூனில் வெளியேறும் உரிமை உண்டா.

கோல்கீப்பருக்கு இவ்வளவு யோசனை வேண்டாம். அணியில் மூன்று பேர் இருப்பார்கள், ஆட்டத்துக்கு இருவர் சீருடை அணிந்து தயாராக இருப்பார்கள், வலைக்கு முன்னால் நிற்பது ஒருவர். மூன்றாவது ஆள் பருவம் முழுக்கப் பயிற்சியில் மட்டுமே ஷாட் வாங்குவார். ஸ்வீடனில் முதல் இடம் தருகிறோம் என்று ஒரு கிளப் கூப்பிட்டால், அன்றைக்கே பதில் எழுதிவிடலாம்.