திருகோணமலைக்குப் பாய்மரப்படகில் வருகிறீர்களா: எங்களுக்கு வாய்த்த ஏஜெண்ட்டைப் பற்றி

இந்த வருடம் பெப்ரவரியில் மலேசியாவின் லங்காவித் தீவிலிருந்து 12 மீட்டர் நீளப் பாய்மரப்படகு ஒன்றில் திருகோணமலைக்கு வந்தோம், மொத்தம் மூன்று பேர். படகு என் நண்பருடையது, அவுஸ்திரேலியப் பதிவு. எனக்குத் திருகோணமலை அம்மாவின் ஊர், சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை பஸ்ஸிலும் ரயிலிலும் போயிருக்கிறேன், கடல்வழியாகப் போய் இறங்கியது இதுதான் முதல்தடவை. அங்கே எங்களுக்குச் சுங்கம், குடிவரவு, டீசல், தண்ணீர், உதிரிப்பாகம் என்று எல்லா அலுவலும் பார்த்துத் தந்த ஏஜெண்ட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன். மறுபடி போனாலும் அவரைத்தான் பிடிப்பேன், ஆனால் இரண்டு விஷயத்தைப் போவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்வேன். குறையும் சொல்லப்போவதால் அவர் பெயரை இங்கே போடவில்லை.

ஏஜெண்ட் எதற்கு, நாங்களே போய்ச் செய்துகொள்ளலாமே என்று நண்பருக்கு ஆரம்பத்தில் நினைப்பு. லங்காவியில் அப்படித்தான் செய்தோம். டெலகா துறையில் துறைமுகம், குடிவரவு, சுங்கம் என்று மூன்று கவுண்டருக்கும் கடதாசிகளைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தே போனோம், ஒரு மணித்தியாலத்தில் முடிந்தது, ஏஜெண்ட் என்ற பேச்சே இல்லை. இலங்கையில் அப்படி முடியாது. வெளிநாட்டுப் படகு எந்தத் துறைமுகத்துக்குள் வந்தாலும் ஏஜெண்ட் ஒருவர் மூலமாகத்தான் வரவேண்டும். திருகோணமலையில் அதற்கு மேலாகக் கடற்படையும் இருக்கிறது. 1957 இல் பிரிட்டிஷ்காரர் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனபிறகும் உள்துறைமுகத்தின் ஒரு பெரிய பகுதி கடற்படையிடம்தான், அதனால் எங்கே நங்கூரம் போடலாம், எந்தப் பக்கம் டிங்கியை, அதாவது கரைக்குப் போய்வருகிற சின்னப் படகை, கொண்டுபோகக் கூடாது, எதைப் படம் எடுக்கக் கூடாது என்று சொல்லித்தர உள்ளூரில் ஓர் ஆள் கட்டாயம் வேண்டும்.

இவரிடம் எனக்கு முதலில் பிடித்தது நாங்கள் லங்காவியை விட்டுக் கிளம்புவதற்கு ஒரு கிழமைக்கு முன் அவர் அனுப்பிய மின்னஞ்சல். மற்ற இடங்களில் ஏஜெண்ட்மார் ஒரு படிவத்தை அனுப்பி நிரப்பித் தரச் சொல்வார்கள், அவ்வளவுதான். இவர் படகுக்குள் என்னென்ன இருக்கிறது என்று கேட்டார். ட்ரோன் இருக்கிறதா, இருந்தால் எழுதுங்கள், கரையில் அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது. சாட்டிலைட் போன் இருக்கிறதா, எத்தனை. மதுவகை எத்தனை போத்தல், திறந்தது எத்தனை, திறக்காதது எத்தனை. அப்புறம் மருந்துப்பெட்டி. நீண்டதூரம் ஓடுகிற படகுகளில் கடுமையான வலிநிவாரணி மாத்திரைகள் வைத்திருப்பார்கள், நடுக்கடலில் கை கால் முறிந்தால் வேறு வழி கிடையாது, எங்களிடமும் கோடீன் மாத்திரை இருந்தது, வைத்தியரின் சீட்டோடு. அதை எண்ணி, எத்தனை மாத்திரை என்று பட்டியலில் எழுதச் சொன்னார். எண்ணி எழுதினோம், 28. சுங்க அதிகாரி படகுக்கு வந்தபோது முதலில் திறக்கச் சொன்னதே அந்தப் பெட்டியைத்தான். அட்டையைப் புரட்டிப் பார்த்தார், பட்டியலில் 28 என்று இருந்தது, கையில் 28 இருந்தது, மூடி வைத்துவிட்டார். பட்டியலில் அது இல்லாதிருந்தால் அந்தக் காலைநேரம் எப்படிப் போயிருக்கும் என்று நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

லங்காவியிலிருந்து ஏறத்தாழ 1,100 கடல் மைல். எட்டு நாளில் வந்திருக்க வேண்டியது, பத்து நாள் ஆனது, காரணத்தைப் பிறகு சொல்கிறேன். கிழக்கிலிருந்து விடியற்காலையில் வந்து சேர்ந்தால் சூரியன் முதுகுக்குப் பின்னால் எழும்பும், வெளிச்சம் நேரே போய்ச் சுவாமி மலையில் விழும், மேலே கோணேசர் கோயில். அம்மா இருந்திருந்தால் அந்த நேரம் போன் எடுத்துச் சொல்லியிருப்பேன். கொட்டியார் குடாவுக்குள் திரும்பியபிறகு ரேடியோவில் 16 ஆம் சானலில் துறைமுகத்தைக் கூப்பிட்டோம், பதில் உடனே வந்தது. ஏஜெண்ட் எங்கள் வருகையை முன்கூட்டியே அறிவித்திருந்ததால் படகின் பெயரை நாங்கள் எழுத்துக்கூட்டிச் சொல்லி முடிப்பதற்குள் அவர்களே சொல்லிவிட்டார்கள்.

மஞ்சள் கொடி ஏற்றியபடி காத்திருந்தோம். அந்தக் கொடிக்கு அர்த்தம், எங்கள் படகில் நோய் ஒன்றும் இல்லை, உள்ளே வர அனுமதி தாருங்கள் என்பது. அனுமதி கிடைக்கும்வரை யாரும் கரையில் கால் வைக்கக் கூடாது. சுகாதாரம், கடற்படை, சுங்கம், குடிவரவு என்று ஆட்கள் வரிசையாக வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஆட்பட்டியல் தனிப் பிரதி, எல்லாவற்றிலும் படகின் முத்திரை. முத்திரை இல்லாமல் யாரும் கிளம்பாதீர்கள், ஒரு சின்ன ரப்பர் முத்திரைதான், லங்காவியில் கடையில் கொடுத்துச் செய்தது, அது குத்தின கடதாசிக்கு இருக்கிற மரியாதை வெறும் கையெழுத்துக்கு இல்லை. ஏஜெண்ட்டின் ஆள், இருபத்தைந்து வயதிருக்கும் ஒரு தம்பி, எல்லாரோடும் கூடவே ஏறி இறங்கினான். சிங்களத்தில் கேட்டால் சிங்களத்திலும் தமிழில் கேட்டால் தமிழிலும் பதில் சொல்லிக்கொண்டு, நடுவில் என் பக்கம் திரும்பி, "அண்ணை, அடுத்ததுக்குப் பாஸ்போட் மூண்டையும் எடுத்து வையுங்கோ" என்று மெதுவாகச் சொல்வான். காலை எட்டரைக்குத் தொடங்கியது, ஒரு மணிக்கு மஞ்சள் கொடியை இறக்கிச் சிங்கக்கொடியை ஏற்றினோம்.

இனி அந்தப் பத்துநாள் கதை. சுக்கானைத் தானாகப் பிடிக்கிற ஒட்டோபைலட்டின் மோட்டார் வங்காள விரிகுடாவின் நடுவில் செத்துப்போனது. நாலு நாள் இரவும் பகலும் மூன்று பேரும் மாறி மாறிக் கையால் சுக்கான் பிடித்தோம். சாட்டிலைட்டில் செய்தி அனுப்பிச் சிங்கப்பூரில் ஒரு கடையில் புது மோட்டாருக்கு ஓடர் கொடுத்தோம், அவர்கள் கூரியரில் போட்டார்கள். நாங்கள் திருகோணமலையில் இறங்குவதற்கு முன்பே பெட்டி கட்டுநாயக்கா விமானநிலையத்தில் இறங்கிவிட்டது. இறங்கின பெட்டி அங்கேயே நின்றுவிட்டது.

கடைக்காரர் இன்வொய்ஸில் நண்பரின் பெயரை மட்டும் போட்டு, மின்மோட்டார் என்று எழுதியிருந்தார். சுங்கத்தின் கண்ணுக்கு அது இலங்கைக்குள் இறக்குமதியாகிற ஒரு மின்மோட்டார், அதற்கு வரி கட்டவேண்டும். உண்மையில் அது இலங்கைக்குள் தங்கப்போகிற சாமான் கிடையாது, வந்து போகிற ஒரு வெளிநாட்டுப் படகில் பூட்டப்பட்டு அந்தப் படகோடு வெளியே போகப்போகிறது. அதை இன்வொய்ஸே சொல்லவேண்டும். படகின் பெயர், பதிவு எண், எந்த நாட்டுக் கொடி, எந்தத் துறைமுகத்தில் நிற்கிறது, பயணத்தில் இருக்கும் கப்பலுக்கான உதிரிப்பாகம் என்ற வாசகம், இத்தனையும் அந்த ஒரு பக்கத்தில் இருந்தால் அது வரி இல்லாத வேறு வழியால் போகும். கூரியர்க்காரர்களோடு மூன்று நாள் போனில் கதைத்தோம், ஒவ்வொரு தடவையும் வேறு ஆள், வேறு பதில், கடைசியில் வரியைக் கட்டுங்கள் பிறகு பார்க்கலாம் என்றார்கள். கட்டின காசு பிறகு வரும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

அப்போதுதான் ஏஜெண்ட் இறங்கினார். சிங்கப்பூர்க் கடையிடமிருந்து புது இன்வொய்ஸ் எடுப்பித்தார், வாசகத்தை அவரே எழுதிக் கொடுத்தார். படகின் முத்திரையோடு நண்பரிடம் ஒரு கடிதம், நாங்கள் உள்ளே வந்ததற்கான துறைமுகக் கடதாசி, படகுப் பதிவின் பிரதி, எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு அந்தத் தம்பியிடம் கொடுத்து இரவு பஸ்ஸில் கொழும்புக்கு அனுப்பினார். அடுத்தநாள் முழுக்கத் தம்பி விமானநிலையச் சரக்குக் கந்தோரில் நின்றிருக்கிறான், அதற்கடுத்த இரவு பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு திரும்பினான். பெட்டியை நாங்கள் உடனே திறக்கவில்லை, திறக்கவும் கூடாது. திருகோணமலைச் சுங்கத்திலிருந்து ஓர் அதிகாரி படகுக்கு வந்தார், பின்தட்டு இருக்கையில் உட்கார்ந்து முத்திரையிட்ட டேப்பைத் தானே வெட்டி, மோட்டாரில் பொறித்திருந்த தொடர் எண்ணை மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு இலக்கம் இலக்கமாக வாசித்து, கடதாசியில் இருந்ததோடு சரிபார்த்து, படகில் ஒப்படைக்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். வரி ஒரு சதம்கூட இல்லை.

இதில்தான் என் முதல் குறையும். இன்வொய்ஸ் எப்படி இருக்கவேண்டும் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. ட்ரோனையும் மாத்திரையையும் கேட்டவர், உதிரிப்பாகம் ஏதும் வரவழைக்கிறீர்களா, அப்படியென்றால் இப்படி எழுதச் சொல்லுங்கள் என்று அந்த மின்னஞ்சலிலேயே ஒரு வரி போட்டிருக்கலாம். அந்த ஒரு வரி இல்லாததால் ஆறு நாள் போனது. அவரிடமே சொன்னேன், ஒத்துக்கொண்டார். ஆகவே யாரைப் பிடித்தாலும் இந்த வாசகத்தை ஊரை விட்டுக் கிளம்புமுன் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், சாமான் அனுப்புகிற கடைக்கு அப்படியே அனுப்பிவிடுங்கள்.

மற்ற அலுவல்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். படகைக் கரையோடு அணைத்து டீசல் அடிக்கிற வசதி எங்களுக்குக் கிடைக்கவில்லை, கான்களில் நிரப்பி ஓட்டோவில் கொண்டுவந்து தந்தார்கள், 240 லீற்றர், எட்டு நடை. டீசல் சுத்தம், நாங்கள் வடிகட்டிப் பார்த்தோம், தண்ணீர் இல்லை. சொன்ன நாளுக்கு அடுத்தநாள்தான் வந்தது, அதைப் பெரிதாக எடுக்கவில்லை. காஸ் விஷயத்தில் நேர்மையாக நடந்தார், எங்கள் சிலிண்டர் மலேசியாவில் வாங்கினது, இங்கத்தைய வால்வு வேறு, தன்னால் நிரப்பித் தர முடியாது என்று முதல்நாளே சொல்லிவிட்டார், இழுத்தடிக்கவில்லை. மரக்கறி வாங்க நாங்களே மார்க்கெட்டுக்குப் போனோம், அதற்கு ஆள் வைக்காதீர்கள், பாதி மகிழ்ச்சி அதில்தான் இருக்கிறது. பழுக்காத மாங்காயும் பூசணியும் சின்ன வெங்காயமும் குளிர்சாதனப்பெட்டி இல்லாமல் மாலைதீவுவரை தாங்கும்.

இரண்டாவது குறை கணக்கு. உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் சேர்த்துப் பேசின கட்டணம் 300 அமெரிக்க டொலருக்குச் சற்றுக் குறைவு, அதில் எனக்கு முறைப்பாடு இல்லை, அந்தக் காசுக்கு உழைத்திருக்கிறார்கள். கடைசிநாள் தந்த துண்டில் "போக்குவரத்து, இதர செலவு" என்று ஒரே வரியில் இன்னொரு 140 டொலர் இருந்தது. எதற்கு எவ்வளவு என்று கேட்டோம். தம்பியின் பஸ் காசு, சாப்பாடு, சரக்குக் கந்தோரில் கட்டின சேமிப்புக் கட்டணம், பிரதி எடுத்தது என்று வாயால் சொன்னார். எல்லாம் நியாயமான செலவுதான், சேமிப்புக் கட்டணத்துக்கு ரசீதும் காட்டினார். ஆனால் இதைக் கேட்டு வாங்கவேண்டிய நிலைமை வந்திருக்கக் கூடாது, நல்ல வேலை செய்த ஒருவரைச் சந்தேகமாகப் பார்க்கவைத்துவிட்டது அந்த ஒரு வரி. எது கட்டணத்துக்குள், எது வெளியே, வெளியே வருவதற்கு ரசீது உண்டா என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். தம்பிக்கு நாங்கள் தனியாகக் கொடுத்தோம், முதலில் வாங்க மறுத்தான்.

வெளியே போகிற கிளியரன்ஸுக்கு இரண்டு நாள் முன்பே அறிவிக்கவேண்டும் என்றார் ஏஜெண்ட், அறிவித்தோம். கிளம்புகிற அன்று காலையில் குடிவரவு முத்திரை, பிறகு துறைமுக அனுமதிக் கடதாசி. அதைத் தொலைத்தால் அடுத்த நாட்டில் உள்ளே விடமாட்டார்கள். தம்பி அதை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, இரண்டு பிரதியும் சேர்த்து, கையில் தந்தான். மாலைதீவில் நாங்கள் இறங்கப்போகிற உளிகமுவில் ஏஜெண்ட்டாக இருப்பவருக்கு எங்கள் விபரம் முழுவதையும் இவர்களே அனுப்பியிருந்தார்கள், அதைப் பற்றி நாங்கள் கேட்கவே இல்லை. தம்பி கயிற்றை அவிழ்த்து எறிந்துவிட்டு, "அண்ணை, அடுத்தமுறை பங்குனிக்குப் பிறகு வாங்கோ, கடல் பால்மாதிரி இருக்கும்" என்றான்.